ஆபீஸ் பஸ் தூக்கம்

எங்கள் ஆபீஸ் பஸ் செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்து விடியும் நேரத்தில் கிளம்பும். திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைக்குப் போகும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலைப் பார்த்தபடி இருக்கிறது நான் வேலை பார்த்த ஆராய்ச்சி வளாகம். ஆராய்ச்சி என்றதும் என்னைப் பெரிய விஞ்ஞானி என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே வேலை செய்கிறவர்கள் மேல் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று காட்டுகிற அட்டை ஒன்று உண்டு. சட்டையில் மாட்டியிருப்பார்கள். அந்த அட்டைகளைச் சேகரித்து, மெஷினில் வைத்துப் பார்த்து, திருப்பிக் கொடுப்பது எங்கள் பிரிவின் வேலை. எனக்குப் பிடித்த வேலைதான். ஆனால் நான் சொல்ல வந்தது வேலையைப் பற்றி அல்ல, போகிற வழியில் தூங்கிய தூக்கத்தைப் பற்றி.

அந்த பஸ்ஸுக்கென்று சில வழக்கங்கள் இருந்தன. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் யாரும் மீறியதில்லை. ஊருக்குள் கடைசி நிறுத்தம் வரும்வரை எது வேண்டுமானாலும் பேசலாம். அங்கே கடைசி ஆள் ஏறியதும் டிரைவர் உள்விளக்கை அணைப்பார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கிடையாது. போன் அடித்தால் துண்டிக்க வேண்டும். துப்பட்டாவோ கைக்குட்டையோ முகத்தின் மேல் விழும். வளாகத்தின் வாசல் வருவதற்குள் பக்கத்துச் சீட்டுக்காரி நம் முழங்காலை இரண்டு தடவை தட்ட வேண்டும். பேர் சொல்லி எழுப்பக் கூடாது, ஒரு தட்டோடு நிறுத்தவும் கூடாது. ஒரு தட்டு என்றால் பஸ் குலுங்கியதில் தெரியாமல் பட்டது என்று நினைத்துத் தூக்கத்தைத் தொடரலாம்.

வாசலில் காவலர் பஸ்ஸுக்குள் ஏறி எல்லாருடைய அடையாள அட்டையையும் பார்ப்பார். முழங்காலில் தட்டு விழுந்திருந்தாலும் எங்களில் பாதிப் பேர் கண்ணைத் திறப்பதில்லை. கழுத்தில் தொங்கும் அட்டையை அப்படியே தூக்கிக் காட்டுவோம். அவர் கடந்து போனதும் கை தானாக மடியில் விழும். புதிதாக வந்த காவலர் ஒருவர் முதல் நாள் அதைப் பார்த்துப் படியிலேயே நின்றுவிட்டார். “இன்னாய்யா இது, எல்லாரும் உசுரோடதான கீறீங்க?” என்றார். பஸ் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தது.

எனக்கு இடப்பக்க ஜன்னல். ரொம்பக் காலம் காத்திருந்து கிடைத்த இடம். அங்கே தலையைச் சாய்த்தால் கண்ணாடியின் அதிர்வு காதுக்குள் போய் ஒரு முனகலாக மாறும். பிறகு நான் எங்கேயும் இருக்க மாட்டேன். தூக்கத்துக்குள் வெளியுலகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். திருக்கழுக்குன்றத்து மலை பஸ்ஸின் கூடவே நடந்து வருவதாகத் தோன்றும். குளத்துத் தண்ணீர் ஜன்னல் மட்டத்துக்கு ஏறி நிற்கும். அப்புறம் காற்றில் உப்பு வாசனை வரும். கடல் வந்துவிட்டதென்று மூக்குக்குத் தெரிந்து, எனக்குத் தெரியாமல் இருக்கிற ஒரு நேரம் உண்டு. என் வாழ்க்கையில் நான் ருசித்துச் சாப்பிட்டதெல்லாம் ஒரு பக்கம், அந்த நேரம் ஒரு பக்கம்.

அந்த வழியில் சில வயல்கள் உண்டு. என் அம்மா அவற்றில் கூலிக்கு நாற்று நட்டவள். ஒரு குழி நிலம் எங்களுக்குச் சொந்தமில்லை. அம்மாவுக்கு ஓய்வு பெறும் வயது என்று எதுவும் கிடையாது. குனிந்த முதுகு நிமிர மறுத்த வருஷம் வேலையை விட்டாள், அவ்வளவுதான். அவள் நாள் முழுக்கச் சேற்றில் நின்ற வயல்களை நான் தினமும் தூங்கிக்கொண்டே கடந்தேன். அதில் எனக்கு வெட்கம் கிடையாது. அவள் தூங்காததையும் சேர்த்து நான்தான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

அறுபது வயது ஆனது. சால்வை, மாலை, வெள்ளி விளக்கு, எல்லாம் ஆயிற்று. கடைசி நாள் போகிற வழியில் பஸ் என்னைத் தூங்கவே விடவில்லை. அதுவும் ஒரு வழக்கம். ஓய்வு பெறுகிறவருக்காக அன்று விளக்கை அணைக்க மாட்டார்கள். ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் உள்ளுக்குள், பாவிகளா, கடைசியாக ஒரு தடவை தூங்க விடுங்களேன் என்று கத்திக்கொண்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து தூக்கம் போய்விட்டது.

படுத்தால் காது படுக்க மறுத்தது. பால்காரர் பையை மாட்டுகிற சத்தம், மோட்டார் போட்டுத் தொட்டி நிரம்புகிற சத்தம், ஃப்ரிட்ஜ் உறுமி அடங்குகிற சத்தம், எல்லாம் என்னைப் பார்த்துத்தான் பேசின. வீட்டில் எந்தச் சத்தம் கேட்டாலும் அதற்கு ஒரு வேலை இருக்கிறது, அது என் வேலை. மதியம் கட்டிலில் படுத்தேன், ஊஞ்சலில் படுத்தேன், தரையில் பாய் போட்டும் பார்த்தேன். டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டால் வந்தது தூக்கம் இல்லை, ஆளை அடித்துப் போட்ட மாதிரி ஒரு மயக்கம்.

பக்கத்தில் என் கணவர் தலையணையில் தலை பட்டதும் தூங்கிவிடுவார். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தவர். எனக்கு முன்பே ஓய்வு பெற்று, பேப்பர், நடை, டீக்கடை என்று ராஜா மாதிரி இருந்தார். “வேல போனா தூக்கம் வரும்னு எல்லாரும் சொல்றாங்க, உனுக்கு இன்னாமே தலகீழா கீது?” என்று கேட்டார். எனக்கு எரிச்சல் வந்தது. எந்த வேலை போனது? ஒன்றுதான் போனது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

காலையில் ஏரிக்கரையில் நடக்கப் போவோம். ஓய்வு பெற்றவர்கள் கூட்டம் ஒன்று அங்கே உண்டு. அதில் பாதிப் பேர் மறுபடி வேலைக்குப் போய்விட்டவர்கள். ஏன் போனீர்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மகளின் கல்யாணத்துக்காக என்றார் ஒருவர். மாத்திரை செலவு என்றார் இன்னொருவர். ஒரு தனியார் கம்பெனியில் காவலாளியாகச் சேர்ந்துவிட்ட முன்னாள் தலைமை எழுத்தர் மட்டும் உண்மையைச் சொன்னார். “அண்ணாத்த, வூட்ல குந்திகினு இருந்தா பேஜாரு. நான் போற வர்ற எடத்துலலாம் என் சம்சாரம் தொடப்பத்தோட வந்துகினே கீது. கேட்டுல நின்னா நாலு பேரு சலாம் வெக்கிறான்.” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் காரணத்தை நான் இன்னும் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பழைய ஆபீசிலிருந்து போன் வந்தது. எங்கள் பிரிவில் ஆள் பற்றாக்குறை, ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தத்தில் வர முடியுமா என்று கேட்டார் மேலதிகாரி. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவே இல்லை. போனை வைத்ததும் எனக்குக் கேட்டது அந்தக் கண்ணாடியின் முனகல்தான்.

அதே வாரம் மகளும் போன் செய்தாள். கூடுவாஞ்சேரியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறாள். நாவலூரில் ஐ.டி. வேலை. மருமகனுக்கு பெங்களூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். குழந்தைக்கு அப்போது ஒரு வயது. பார்த்துக்கொண்டிருந்த ஆயா சொந்த ஊருக்குப் போய்விட்டார். “நீதான் இப்ப ஃப்ரீயா இருக்கியேம்மா. நீ வரலைனா நான் பேப்பர் போட வேண்டியதுதான்” என்றாள். பேப்பர் போடுவதென்றால் ராஜினாமா. கஷ்டப்பட்டுப் படித்து வாங்கிய வேலை.

ஃப்ரீ. அந்த வார்த்தையைக் கேட்டதும் போனைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. மகள் மேல் கோபமில்லை. குழந்தை மேல் எனக்கு உயிர். ஆனால் நான் என்னவென்று சொல்வேன்? பணத்துக்காகப் போகிறேன் என்றால் பென்ஷன் வருகிறதே என்பார்கள். வேலையின் மேல் ஆசை என்றால் அட்டையைத் துடைப்பதில் என்னம்மா ஆசை என்பாள். பஸ்ஸில் தூங்குவதற்காக வேலைக்குப் போகிறேன், அதற்காக உன் குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்று எந்தத் தாய் சொல்வாள்? சொன்னால் அந்த டாக்டரிடமே வேறு மாத்திரைக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

நேரில் பேசிக்கொள்ளலாம் என்று இருவரும் கிளம்பினோம். அன்று பராமரிப்பு வேலை என்று மின்ரயில் இல்லை. என் கணவர் பஸ்ஸில் ஏறும்போதே புலம்ப ஆரம்பித்தார். “ட்ரெயின்னா கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள கூடுவாஞ்சேரி. இது போயி என்னிக்கு சேர்றது?” என்றார். எனக்கு ஜன்னல் கிடைத்தது, அதுவும் இடப்பக்கம். ஜி.எஸ்.டி. சாலையில் லாரிகள் ஹாரன் அடித்தன, பக்கத்தில் யாரோ போனில் சண்டை போட்டார்கள். எனக்கு அது எதுவும் வேண்டியிருக்கவில்லை. தலை கண்ணாடியில் பட்டது. அந்த முனகல் தொடங்கியது. ஏரி ஜன்னல் மட்டத்துக்கு ஏறி வந்தது. அங்கே கடல் கிடையாது என்று தெரிந்தும் உப்பு வாசனைக்காகக் காத்துக்கொண்டே உள்ளே உள்ளே போனேன்.

யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள். நான் கழுத்துப் பக்கம் கையைக் கொண்டுபோனேன். அட்டை இல்லை. மடியில் கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக் காட்டினேன். காட்டியபடி தூங்கினேன். நகர மாட்டேன் என்கிறாரே என்று இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.

“இன்னாம்மா, வூட்டு சாவியக் காட்டிகினு கீற? பூட்டா கேட்டேன்? டிக்கெட் வாங்கும்மா!”

பஸ் சிரித்தது. கண்ணைத் திறந்தால் கண்டக்டர். என் கையில் சாவிக்கொத்து, முகத்துக்கு நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. என் கணவர் சிரிக்கவில்லை. டிக்கெட் வாங்கினார். அதற்குப் பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“எவ்ளோ நாளாச்சு நீ இந்த மாரி தூங்கி?” என்று கேட்டார்.

“ரிட்டயர் ஆனதிலேர்ந்து.”

“பஸ்ஸுலயா தூக்கம் வருது உனுக்கு?”

வேறு வழி இல்லை. சொல்லிவிட்டேன். ஆபீஸ் பஸ், விளக்கை அணைப்பது, முழங்கால் தட்டு, கடல் வாசனை எல்லாம். அத்தனை வருஷமாக என்னை நிறுத்தத்தில் கொண்டுவந்து விட்டவருக்கு அன்றுதான் நான் எங்கே போய்க்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது. கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். “வூட்ல நானு தூங்கறப்போ நீ முழிச்சிகினு இருந்தியா?” என்று மட்டும் கேட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது. மறைமலை நகர் வந்துவிட்டது.

மகள் வீட்டுக்குப் போனபோது அவள் இன்னும் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு பால்கனியில் நின்றோம். சாயங்கால வெயில் எதிர்க் கட்டடத்து ஜன்னல்களில் எல்லாம் மஞ்சளாக மிதந்தது. கம்பெனி கார் ஒன்று வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. கதவு திறக்கவில்லை. டிரைவர் மட்டும் இறங்கி, சத்தம் போடாமல் தன் கதவைச் சாத்திவிட்டு, மர நிழலில் போய் நின்றுகொண்டார்.

பின் சீட்டில் என் மகள். தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் குழந்தையாக இருந்தபோதுதான் அந்த முகத்தை அப்படிப் பார்த்திருக்கிறேன். குழந்தை கீழே பார்த்து “மா” என்றது. நான் அதன் வாயை மெல்லப் பொத்தினேன். என் கணவரும் பார்த்தார். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாங்கள் அப்படியே நின்றோம்.

நான் ஆபீசுக்குப் போனால் அவள் வேலையை விட வேண்டும். வேலையை விட்டால் இந்தக் கார் வராது. என் தூக்கத்தை நான் எடுத்துக்கொண்டால் அவள் தூக்கம் போய்விடும். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஜன்னல்தான் இருக்கிறது, யார் உட்காருவது என்பதுதான் கேள்வி. தாய் எழுந்து இடம் கொடுப்பாள் என்று ஊருக்கே தெரியும். நானும் எழுந்துவிட்டேன், மனசுக்குள். ஆபீசுக்கு முடியாது என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். முடிவு செய்ததும் அழுகை வந்தது.

மகள் மேலே வந்து முகம் கழுவி, எல்லாருக்கும் டீ போட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் பேசினார்.

“கொழந்தய நான் பாத்துக்கறேன்.”

மகள் சிரித்துவிட்டாள். “அப்பா, நீயா? பால் காய்ச்சத் தெரியுமா உனக்கு?”

“சிக்னல் பாத்தவன்டா நான். பால் பொங்கறது தெரியாதா? காலைல ட்ரெயின புடிச்சா கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள இங்க. சாயங்காலம் நீ வந்ததும் கெளம்பிருவேன். ஒங்கம்மா ஆபீஸ் போவட்டும்.”

“அம்மா எதுக்குப்பா இந்த வயசுல மறுபடியும்…” என்று அவள் என்னைப் பார்த்தாள்.

“அதுக்கு அங்க வேல கீது” என்றார் அவர். என் ரகசியத்தை அவர் பத்திரமாக வைத்துக்கொண்டதைப் பார்த்து எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இத்தனை பேர் இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டதில், வீட்டில் இன்னொருவரும் சும்மா இருக்கிறார் என்பது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை.

திங்கட்கிழமை நான் பஸ் ஏறினேன். புது அடையாள அட்டை, ஒப்பந்தக்காரர்களுக்கு வேறு நிறம். என் ஜன்னலில் என்னுடைய பழைய பக்கத்துச் சீட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள். வேண்டாம் என்று சைகை காட்டினேன். போய்விட்டுத் திரும்பி வந்தவர்கள் புதியவர்கள்தான், அந்த பஸ்ஸின் வழக்கம் அது. கடைசி வரிசையில், சக்கரத்துக்கு மேலே இடம் கிடைத்தது. விளக்கு அணைந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. குழந்தைக்குப் பாலைச் சூடாகக் கொடுத்துவிடுவாரோ, ரயிலைத் தவறவிட்டிருப்பாரோ என்று மனம் கூடுவாஞ்சேரிக்கே ஓடியது. இதற்காகவா இத்தனை பாடு என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

மலை வந்தது. அது கூடவே நடக்க ஆரம்பித்தபோது நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த இடத்தில் பார்ப்பதை விட்டேன் என்று தெரியவில்லை. குளம் ஏறி வந்தது. அம்மாவின் வயலில் யாரோ நிமிர்ந்து நின்றார்கள். உப்புக் காற்று முகத்தில் பட்டது, அது எனக்குத் தெரியவில்லை. முழங்காலில் ஒரு தட்டு, இன்னொரு தட்டு. நான் அட்டையைத் தூக்கினேன்.

சாயங்காலம் நான் வந்த பிறகுதான் அவர் வந்தார். சட்டையில் கேழ்வரகுக் கூழ் காய்ந்திருந்தது. மூக்குக்கண்ணாடியில் ஒரு வில்லையைக் காணவில்லை. குழந்தை பிடுங்கியதாம். செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்து, தூணைப் பார்த்தபடி இருந்தார்.

“குழந்தை ரொம்பப் படுத்திச்சா?” என்றேன்.

“தங்கம்மே அது. ஆனா ஒரு நிமிசம் ஒக்கார வுடல. தூங்கிச்சுன்னு நானும் சாஞ்சேன். சாஞ்சதும் காது மட்டும் முழிச்சிகினு கீது. அது மூச்சு வுட்டா கூட எழுந்து எழுந்து பாத்துகினு…”

காபியை நீட்டினேன். வாங்காமல் என்னைப் பார்த்தார். தலையணையில் தலை பட்டதும் தூங்குகிற மனிதரின் கண்கள் சிவந்திருந்தன.

“ட்ரெயின்ல வர்றப்ப தூங்கலாம்னு ஜன்னலாண்ட ஒக்காந்தேன்” என்றார். “கண்ண மூடறதுக்குள்ள செங்கல்பட்டு வந்துருதுமே.”